பனி நாட்டு நாயும் கொல்கத்தா வாழ்வும்



நாய் வளர்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. ஆட்டுப்பட்டிக்குக் காவலாகவும், வேட்டைக்குத் துணையாகவும், பகலெல்லாம் திண்ணையோரம் உறங்கி இரவெல்லாம் தெருவைக் காக்கும் நட்பாகவும் அது நம்மோடு நெடுங்காலம் வாழ்ந்து வந்திருக்கிறது. அந்த நாய்க்கு நாம் எதையும் கற்பித்ததில்லை. அதுவும் நம்மிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. ஆனால் மூன்றாம் மாடியில், இரண்டு அறையும் ஒரு சிறு பால்கனியும் கொண்ட வீட்டில், அடர்ந்த உரோமமும் நீலக் கண்களும் உடைய சைபீரிய நாட்டு நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து வளர்ப்பது நம் பாட்டனார் அறியாத புதுமை. இந்தியாவின் பெருநகரங்கள் பலவற்றில் இப்புதுமை பரவியிருக்கிறது. கொல்கத்தாவும் அதற்கு விலக்கன்று. தொழிலின் பொருட்டு இந்நகருக்கு வந்து, லேக் மார்க்கெட் வட்டாரத்திலும், நகரின் கிழக்கே எழுந்துள்ள புதிய அடுக்குமாடிகளிலும் குடியிருக்கும் நம்மவர் வீடுகளிலும் ‘சைபீரிய ஹஸ்கி’ என்னும் இந்த இனத்தைப் பற்றிய பேச்சு எழுகிறது. பிள்ளைகள் கைப்பேசியில் படம் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறார்கள், பெற்றோர் இசைந்துவிடுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. இன்னும் வாங்காதவர்கள் வாங்காமலிருப்பதே நன்று. 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக் கால்நடை பராமரிப்புத் துறை வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இனப்பெருக்கம் செய்யலாகாத அயல்நாட்டு இனங்கள் என்று பதினொன்றைக் குறிப்பிட்டது. ஹஸ்கியும் அப்பட்டியலில் இருந்தது. நாய் வளர்ப்போர் சிலர் அதனை எதிர்த்தனர், விவாதமும் எழுந்தது. விவாதம் எப்படியாயினும், பனிக்காகப் பிறந்த உடலை நம் வெயிலில் வைப்பது அதற்குத் துன்பம் என்பதில் ஐயமில்லை. ஆனால் குட்டி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதென்றால் இந்த அறிவுரையால் பயனில்லை. வந்த உயிரை நல்ல முறையில் வளர்த்தாக வேண்டும். அவ்வாறு வளர்ப்போருக்காகவே இப்பேச்சு.

குட்டி வந்து மூன்று மாதம் ஆன வீட்டில் நலம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே வகைக் குறைகள் வரும். செருப்பு மிஞ்சவில்லை, சோபாவின் பஞ்சு வெளியே வந்துவிட்டது, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு எதிர்ப்புறம் ஓடுகிறது, வார் பிடித்து நடந்தால் நம்மை இழுத்துச் செல்கிறது, தனியே விட்டால் ஊளையிடுகிறது. ‘சொன்ன பேச்சுக் கேளாத நாய்’ என்று தீர்ப்பும் கூறிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு சரியா என்பதை அறிய, அந்த இனம் எங்கிருந்து வந்தது, என்ன தொழில் செய்தது என்பதைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும்.

ஆசியாவின் வடகிழக்கு மூலையில், கடல் உறைந்து கட்டியாகும் நாட்டில், சுக்சி என்னும் மக்கள் வாழ்கின்றனர். வேட்டைக்கும் வாணிகத்துக்கும் அவர்கள் பனியின் மேல் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருந்தது. சறுக்குவண்டியை இழுக்க அவர்கள் வளர்த்த நாயே ஹஸ்கியின் மூதாதை. அது பெருஞ்சுமையைச் சிறிது தூரம் இழுக்கும் எருதைப் போன்றதன்று. அளவான சுமையை, குறைந்த உணவு உண்டு, நாள் முழுவதும் அலுக்காமல் இழுத்துச் செல்லும் இயல்புடையது. ஆண் நாயே 27 கிலோவுக்கு மேல் போவதில்லை என்றால் பாருங்கள். இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாய்கள் பெரிங் கடலைக் கடந்து அமெரிக்காவின் அலாஸ்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கு நாய்வண்டிப் பந்தயங்களில் முதலில் இவற்றைக் கண்டு நகைத்தார்கள். உருவம் அவ்வளவு சிறியது. ஓடக் கண்ட பிறகு நகைப்பு நின்றது.

1925-ஆம் ஆண்டு சனவரி மாதம் அலாஸ்காவின் நோம் என்னும் கடற்கரை ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவிற்று. குழந்தைகள் இறக்கத் தொடங்கினர். நோயை முறிக்கும் மருந்து ஊரில் இல்லை. கடல் உறைந்துவிட்டது; கப்பல் வராது. அக்காலத்து விமானம் அக்குளிரில் பறக்கும் என்று நம்ப இயலவில்லை. புகைவண்டி நிலையம் நெனானா என்னும் ஊரில், 674 மைல் தொலைவில் இருந்தது. இருபது வண்டியோட்டிகள், ஏறத்தாழ 150 நாய்கள், ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மருந்துப் பெட்டியை மாற்றி, ஐந்தரை நாளில் அதைக் கொண்டுசேர்த்தனர். அவர்களுள் லெயோன்ஹார்ட் செப்பாலா என்பவரே மிக நீண்டதும் இடர் மிக்கதுமான பகுதியைக் கடந்தார். அவருடைய வண்டியின் தலைமை நாய் டோகோ, உறைந்த கடல் வளைகுடாவின் மீது வழி கண்டு சென்றது. இறுதிப் பகுதியை ஓட்டியவர் குன்னார் காசன். அவருடைய தலைமை நாய் பால்டோ. பனிப்புயலில் தம் முன் ஓடும் நாய்களையே அவரால் காண இயலவில்லை. வழியை நாயிடம் விட்டுவிட்டார். பிப்ரவரி 2-ஆம் நாள் விடியற்காலையில் மருந்து நோம் நகரை அடைந்தது. பால்டோவுக்கு அவ்வாண்டிறுதியிலேயே நியூயார்க் நகரப் பூங்காவில் சிலை வைத்தார்கள். டோகோவுக்கு அத்தகைய புகழ் வர நெடுநாள் ஆயிற்று. உழைத்தவன் ஒருவன், மாலை மற்றொருவனுக்கு என்னும் உலக வழக்கம் நாய்களையும் விடவில்லை!

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது வீரத்தையன்று; தொழிலை. வண்டியின் முன்னே ஓடும் நாய்க்குக் கட்டளைக்குக் கீழ்ப்படிவது மட்டும் கடமையன்று. பனிக்கட்டி மெலிந்திருக்கும் இடத்தில் ‘போ’ என்று எசமானன் சொன்னாலும் போகாமல் நிற்பது அதன் கடமை. போயிருந்தால் வண்டியும் ஆளும் நாய்களும் சேர்ந்தே மூழ்கியிருக்கும். ஆகவே, சொன்னதை உடனே செய்யும் நாயைக் காட்டிலும், சொன்னதைக் கேட்டுச் சிந்தித்துப் பிறகு செய்யும் நாயே அங்கு மதிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அந்தக் குணத்தையே தேர்ந்து வளர்த்தார்கள். அதே குணம் கொல்கத்தாவின் மூன்றாம் மாடியில் ‘சொன்ன பேச்சுக் கேளாமை’ என்று பெயர் பெறுகிறது. இழுப்பது அதன் தொழில். வாரையும் நம்மையும் இழுக்கிறது. ஓடுவது அதன் தொழில். கதவு திறந்தால் ஓடுகிறது. வேலை கிடைக்காத தொழிலாளி தானே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்வது போல, அது சோபாவைப் பிரிக்கும் வேலையைக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

அவ்வாறாயின் அதனை நன்றாக ஓடவிட்டுக் களைக்கச் செய்தால் போதுமே என்று தோன்றும். குளிர் நாட்டில் அது சரி. இங்குதான் கொல்கத்தாவின் காற்று குறுக்கே நிற்கிறது.

நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வேர்ப்பதில்லை. பாதத்தின் அடியில் சிறிது வேர்க்கும், அவ்வளவே. வாயைத் திறந்து நாவை நீட்டி விரைவாக மூச்சிரைத்து, வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே அது தன் உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்றில் முன்னமே ஈரம் நிறைந்திருந்தால் இந்த ஆவியாதல் குறைந்துவிடும். மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி உலராமல் தொங்குவதை நாம் அறிவோம், அதே காரணந்தான். ஆகையால், வெப்பமானியில் எண் சிறிது குறைவாக இருந்தாலும், வங்காளத்து ஈர வெப்பம் மூச்சிரைக்கும் பிராணிக்குக் கொடியது. வெப்பமும் இங்கு எப்போதும் குறைவாக இருப்பதில்லை. 2024 ஏப்ரல் 30 அன்று கொல்கத்தாவில் 43 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அத்தகைய நாளில் நண்பகலில் ஹஸ்கியை வெளியே கொண்டுசெல்வது கொலைக்கு ஒப்பாகும். இது மிகையன்று.

எனவே இங்கு வளர்க்கும் முறையை இரண்டு பகுதிகளாகக் கொள்ள வேண்டும். உடலின் உழைப்பைக் குளிர்ந்த நேரத்துக்கு ஒதுக்குவது ஒன்று. மிகுந்த ஆற்றலை மூளையின் உழைப்பாக மாற்றி வீட்டுக்குள்ளேயே செலவிடச் செய்வது மற்றொன்று.

நேரத்தை முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே ஒரு செய்தியை மனத்திற் கொள்ள வேண்டும். சூன் மாதத் தொடக்கத்தில் சென்னையில் ஐந்தே முக்கால் மணி அளவில் எழும் கதிரவன், கொல்கத்தாவில் ஐந்து மணிக்கு முன்னரே எழுந்துவிடுகிறான். ‘காலை ஆறு மணிக்கு உலாவப் போகிறோம்’ என்று ஊர் வழக்கப்படி நினைத்தால், இங்கே ஆறு மணிக்கு வெயில் ஏறியிருக்கும். கோடையில் நாலரை மணிக்குக் கிளம்பி ஐந்தரைக்குள் வீடு திரும்புதல் வேண்டும். இரவில் ஒன்பதுக்குப் பிறகு மற்றொரு நடை. மாலையில் தரை சூடாறிவிட்டதா என்பதைப் புறங்கையை வைத்துப் பார்க்கலாம். ஏழு நொடி வைத்திருக்க முடியாத தரையில் நாயின் பாதமும் வெந்துபோகும். மைதானம் போன்ற திறந்த வெளி அருகில் இருப்போர் பேறு பெற்றவர். மற்றவர்க்கு மொட்டை மாடி உண்டு. சுவர் உயரமாக இருந்தால் மட்டும். ஹஸ்கி தாண்டுவதிலும் தோண்டுவதிலும் கைதேர்ந்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கவலை குறைவு. அந்த நான்கு மாதமே இந்நாய்க்குக் கொல்கத்தாவில் வசந்த காலம்.

குட்டியாயிருக்கும்போது ஓட்டத்திலும் அளவு வேண்டும். எலும்பு வளர்ந்து முடியும்வரை, அதாவது ஏறத்தாழ ஓராண்டு கடக்கும்வரை, நெடுந்தூரம் ஓடவிடுதலும் உயரத்திலிருந்து குதிக்கவிடுதலும் மூட்டுகளுக்குக் கேடு. மிதிவண்டியில் கட்டி ஓட்டுவதை அறவே நீக்குக.

பகலில் அது வீட்டில் எப்படி இருக்க வேண்டும்? பழைய கொல்கத்தா வீடுகளின் சிமெண்டுத் தரையும் மொசைக் தரையும் குளிர்ச்சியானவை, மின்விசிறியும் வேண்டும், கடுங்கோடையில் ஏ.சி. இன்றியமையாதது. மின்தடை ஏற்பட்டால் என்ன செய்வது என்பதை நாய் வாங்குவதற்கு முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். உரோமத்தை மழித்துவிட்டால் குளிர்ச்சியாக இருக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். ஹஸ்கிக்கு உரோமம் இரண்டு அடுக்கு; உள்ளே பஞ்சு போன்றது ஒன்று, வெளியே நீண்டது ஒன்று. வெளியடுக்கு வெயிலைத் தோலில் படாமல் தடுக்கும் குடை. அதை மழித்தால் தோல் வெந்துபோகும். மீண்டும் சீராக வளராமலும் போகலாம். மழிப்பதற்குப் பதிலாக நாள்தோறும் சீப்பால் வாரி, உதிரும் உள் உரோமத்தை நீக்கினால் காற்று உட்புகும். உதிரும் பருவத்தில் வீடெங்கும் வெண்பஞ்சு பறக்கும். பூசையறைக்கும் சமையலறைக்கும் கதவிட்டுக்கொள்வது நல்லது.

வெப்பத்தாக்குதலின் அறிகுறிகளை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அடங்காத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், மிகச் சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி என்பன அவை. நாயின் உடல் வெப்பம் இயல்பாக 38 முதல் 39 டிகிரி வரை இருக்கும். 41-ஐ எட்டினால் உயிருக்கு ஆபத்து. உடனே குழாய் நீரை உடலெங்கும் ஊற்றி, மின்விசிறியின் கீழ்க் கிடத்த வேண்டும். ஈரத்துண்டால் போர்த்தி வைப்பது தவறு. அது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். முதலில் குளிர்வித்தல், அதன் பின்னரே வண்டி பிடித்து மருத்துவரிடம் ஓடுதல். இந்த வரிசை மாறலாகாது. பெல்காச்சியாவில் 1893-இல் தொடங்கப்பட்ட வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மரபில் இன்று ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. நம் சென்னை வேப்பேரிக் கல்லூரிக்கு அது பத்தாண்டு மூத்தது. வீட்டருகே உள்ள மருத்துவர் யார், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதை நோய் வருமுன்னரே கேட்டு வைத்துக்கொள்க.

இனி மூளையின் உழைப்பு. பதினைந்து நிமிடம் மோந்து தேடும் வேலை செய்த குட்டி, ஒரு மணி நேரம் நடந்த குட்டியைப் போல் நிறைவோடு உறங்குவதைக் காணலாம். கிண்ணத்தில் உணவைக் கொட்டிக் கொடுப்பதை விடுத்து, பழைய துண்டொன்றில் உணவுமணிகளைச் சுருட்டி முடிந்து கொடுங்கள். அட்டைப் பெட்டிக்குள் பெட்டியாக வைத்துக் கொடுங்கள். அறைக்கு அறை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள். உப்பில்லாத தயிரைக் கிண்ணத்தில் உறைய வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் நக்கிக்கொண்டிருக்கும். குளிர்ச்சிக்குக் குளிர்ச்சி, வேலைக்கு வேலை. வங்காளத்து இனிப்புத் தயிர் இதற்கு ஆகாது.

கட்டளை கற்பிப்பதும் மூளைக்கு உழைப்பே. இதில் வெளிமாநிலத் தமிழர் வீட்டுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. தாத்தா ‘உட்கார்’ என்கிறார். பாட்டி ‘உக்காரு கண்ணா’ என்கிறாள். பள்ளிக்குப் போகும் பேத்தி ‘சிட்’ என்கிறாள். வீட்டு வேலைக்கு வரும் வங்காளிப் பெண்மணி, நாம் ‘மாசி’ என்று மரியாதையாக அழைப்பவர், ‘போஷோ’ என்கிறார். நான்கு பேரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். நாய்க்கு எப்படித் தெரியும்? அது பொருளைக் கேட்பதில்லை, ஒலியைக் கேட்கிறது. அதிலும் நம் தமிழ் வினைச்சொல், ஆளுக்கும் அன்புக்கும் ஏற்ப வடிவம் மாறும் இயல்புடையது. வா, வாடா, வாம்மா, வாயேன், வந்துடு என்று நாம் கொஞ்சிக்கொண்டே போனால், குட்டிக்கு அவை ஐந்து வெவ்வேறு ஓசைகள்.

ஆகையால் குட்டி வரும் நாளிலேயே வீட்டார் அனைவரும் கூடி, ஐந்தே சொற்களை முடிவு செய்து தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். ‘வா’, ‘உட்கார்’, ‘இரு’, ‘விடு’, ‘மெல்ல’ என்பன போதும். தமிழ்ச் சொல்லாகவே இருப்பதில் ஒரு நன்மை உண்டு: பூங்காவில் பிறர் தம் நாய்களுக்கு ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் இடும் கட்டளைகள் நம் நாயைக் குழப்பா. மாசிக்கும் அந்த ஐந்து சொற்களைச் சொல்லிக் கொடுங்கள், மகிழ்ச்சியோடு கற்றுக்கொள்வார். பெயரிடுவதிலும் கவனம் வேண்டும். வெண்மையான நாய் என்பதால் ‘ஸ்னோ’ என்று பெயரிடுவோர் பலர். தவறு செய்யும்போது ‘நோ’ என்று அதட்டுவோரும் அவர்களே. பெயரைக் கேட்டால் ஓடிவர வேண்டுமா, ஒடுங்கி நிற்க வேண்டுமா என்று அந்தக் குட்டி திகைப்பதில் வியப்பென்ன?

கற்பிக்கும் முறை எளிது. கையில் ஒரு சிறு தின்பண்டத்தை வைத்து, குட்டியின் மூக்குக்கு மேலே மெல்லத் தூக்கினால், அது தலையை உயர்த்தித் தானே அமரும். அமர்ந்த அந்த நொடியில் ‘உட்கார்’ என்று ஒரு முறை சொல்லி, தின்பண்டத்தைக் கொடுங்கள். ஒரு நொடி தாமதித்தால், எதற்காகப் பரிசு பெற்றோம் என்பது அதற்கு விளங்காது. மூன்று நான்கு நிமிடம், நாளைக்கு ஐந்தாறு முறை. அதற்கு மேல் வேண்டா. ஹஸ்கிக்குச் சலிப்பு விரைவில் வரும். பத்தாம் முறை சொன்னபோது அமராமல் சன்னலைப் பார்க்கிறதென்றால், அது மறக்கவில்லை. ‘முன்னமே செய்தாயிற்றே’ என்று கருதுகிறது. அடிப்பதாற் பயனில்லை. அடியால் அது அஞ்சி அடங்குவதைவிட, நம்மிடமிருந்து விலகி ஓடக் கற்றுக்கொள்வதே மிகுதி.

பால்பற்கள் கொண்டு கையைக் கடிக்கும் பருவத்தில், கடித்தவுடன் விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விட வேண்டும். கடித்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்பதை அது இரண்டு வாரத்தில் புரிந்துகொள்ளும். நடக்கும்போது இழுத்தால், வார் இறுகிய கணமே நின்றுவிட வேண்டும். தளர்ந்தால் நடக்க வேண்டும். முதல் வாரத்தில் தெருமுனையை அடையவே கால் மணி ஆகும், பொறுமை வேண்டும். கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் பாதுகாப்பானது. குட்டி தலையை உருவிக்கொண்டு தப்புவது அரிது.

‘வா’ என்றால் வருமா? வீட்டுக்குள் வரும்; மொட்டை மாடியிலும் வரும். ஆனால் தெருவில் ஒரு பூனை குறுக்கே ஓடினால் வராது. மீன்கடைகள் நிறைந்த இந்நகரில் பூனைக்குப் பஞ்சமில்லை. கோடைக்காலத்தில் தானே வேட்டையாடி உண்ட பரம்பரையிலிருந்து வந்த நாய் அது. எவ்வளவு பழகியிருந்தாலும் கொல்கத்தாத் தெருவில் ஹஸ்கியை வாரின்றி விடலாகாது. பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஓடும் நாயைக் கூப்பிட்டுத் திருப்ப எந்தப் பயிற்சியாலும் இயலாது. திறந்த வெளியில் பத்து மீட்டர் நீளக் கயிறு கட்டி ஓடவிடலாம்.

மேற்கூறிய பயிற்சிகளை எந்த வயதில் தொடங்கலாம்? வந்த நாளிலேயே. ஸ்காட், ஃபுல்லர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 1965-இல் வெளியிட்ட நூலில், மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலமே நாய்க்குட்டி உலகத்தோடு உறவு கொள்ளும் பருவம் என்று காட்டினார்கள். அப்பருவத்தில் அமைதியாகக் கண்டதும் கேட்டதும் பின்னர் அச்சம் தருவதில்லை. ஆனால் அதே வாரங்களில் தடுப்பூசிகள் முடிந்திரா. தரையில் விட்டால் பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய கொடிய நோய்கள் தொற்றும். இதற்கு வழி, குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர் காட்டுவதே. ரிக்‌ஷாவையும், தள்ளுவண்டிக்காரர் கூவலையும், குடை பிடித்தவரையும், துர்க்கா பூசைப் பந்தலின் ‘டாக்’ என்னும் பறையோசையையும் தொலைவிலிருந்து காட்டுக. காளி பூசை இரவின் வெடியோசைக்கும், சித்திரை, வைகாசியில் திடீரென்று இடித்து வரும் கால்பைசாகிப் புயலுக்கும், பதிவு செய்த ஓசையை மெல்ல ஒலிக்கச் செய்து உணவு கொடுத்துப் பழக்கலாம்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறாம் வாரம் வரை செல்லும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல். நீலகிரிக் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இயங்கி வந்த நாட்டினர் நாம். இந்நோயின் கொடுமையை நமக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மாநகராட்சி உரிமம் பெறவும் இந்த ஊசியின் சான்று தேவை. இன்னும் குட்டி வாங்காமல், வாங்கியே தீருவேன் என்பவர்க்கு ஒரு சொல்: கலிஃப் தெருவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையானாலும் வேறு எங்கானாலும், தாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்காதீர்கள். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்பது 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளுக்கு முரணானது.

உணவைப் பற்றிச் சுருக்கமாக. தயிர்சாதம் மட்டும் உண்டு ஹஸ்கி வளராது. புரதம் மிகுதியாக வேண்டும். இறைச்சி சமைக்காத வீட்டார் முட்டையோ, நாய்க்கென்று விற்கும் உலர் உணவோ கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்துக்குக் கேடு. ஆதலால் சாம்பார் கலந்த சோறு ஆகாது. திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உலர்ந்த திராட்சையும் அப்படியே. பாயசத்தில் மிதக்கும் இரண்டு திராட்சையை அன்போடு ஊட்டும் பாட்டிகளிடம் இதைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். கோடையில் ஹஸ்கி குறைவாகவே உண்ணும். அதற்காகக் கலங்க வேண்டுவதில்லை.

மழைக்காலத்தில் வேறு தொல்லைகள். நனைந்த உள் உரோமம் உலராவிட்டால் தோலில் பூஞ்சை படரும். தேங்கிய தெருநீரில் எலிகளின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். அதற்கும் தடுப்பூசி உண்டு. காதின் பின்னும் விரல்களின் இடையிலும் நாள்தோறும் உண்ணி தேடுக. உண்ணிக் காய்ச்சலால் மாண்ட நாய்கள் பல.

ஊளையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அண்டை வீட்டார் என்னை மன்னியார். ஹஸ்கி குரைப்பது அரிது. தன் கூட்டத்தைத் தேடும்போது ஊளையிடும். நம் ஊரில் நாய் ஊளையிட்டால் தீய குறி என்பர்; அடுக்குமாடியில் அது வழக்குக்கே குறி. வீட்டு விலங்கை வைத்துக்கொள்ளலாகாது என்று குடியிருப்போர் சங்கம் தடைவிதிக்க இயலாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டியது உண்மையே. ஆயினும் உரிமையை நம்பியிருப்பதைவிட, தனிமைக்குப் பழக்குவது நன்று. முதலில் அரை நிமிடம் கதவுக்கு வெளியே நின்று, ஊளை எழுமுன் உள்ளே வந்துவிட வேண்டும். பிறகு இரண்டு நிமிடம், பிறகு ஐந்து, இவ்வாறு சில வாரங்களில் இரண்டு மணி வரை நீட்டலாம். கணவன் மனைவி இருவரும் பத்து மணி நேரம் வெளியே வேலை பார்க்கும் வீட்டில் இந்நாய்க்கு இடமில்லை என்பதை மட்டும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இறுதியாக, விடுமுறைப் பயணம். ஹௌராவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். விரைவு வண்டியிலும் ஒரு பகலும் ஓர் இரவும் கடந்துவிடும். முதல் வகுப்பில் தனி அறை முழுவதையும் பதிவு செய்தாலன்றி நாயை உடன் வைத்துக்கொள்ள இயலாது. மற்றவர்கள் கார்டு வண்டியின் கூண்டில்தான் அனுப்ப வேண்டும். மே மாதத்து ஆந்திர வெயிலில், காற்றோட்டமில்லாத அக்கூண்டில் ஹஸ்கியை அனுப்புவதை எண்ணியும் பார்க்கலாகாது. கோடையில் ஊருக்குச் செல்வோர், அதை நன்கு பழகிய கொல்கத்தா நண்பர் ஒருவர் வீட்டில், ஏ.சி. உள்ள அறையில் விட்டுச் செல்வதே தக்கது. செல்வதற்கு முன் இரண்டு மூன்று இரவுகள் அங்கே தங்கவைத்துப் பழக்குக. உணவு வேளை, நடை நேரம், மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றோடு, ‘வா’ முதல் ‘மெல்ல’ வரை அந்த ஐந்து தமிழ்ச் சொற்களையும் வங்காள எழுத்தில் எழுதி, எதற்கு எது என்று பொருளும் குறித்து, அவர் கையில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.